கண்ணாடிக்குள் போன காசு

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊரான இலுப்பூரிலிருந்து அன்னவாசல் போகும் சாலையோரம் தொலைத்தொடர்புத் துறைக்காகப் பள்ளம் தோண்டினார்கள். இலுப்பூர்ப் பக்கம் கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் அது எப்பேர்ப்பட்ட வேலை என்று சொல்வார்கள். மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சுக்கான், அதற்கும் கீழே பாறை. விதிப்படி ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் இறங்க வேண்டும். பாறை தட்டிய இடத்தில் கம்ப்ரசர் வைத்து உடைத்தார்கள். உடையாத இடத்தில் ஆழத்தைக் குறைத்து, இரும்புக் குழாய்க்குள் விட்டு, மேலே கான்கிரீட் போட்டு மூடினார்கள். குடிதண்ணீர்க் குழாய் வருகிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எஸ்டிடி பூத் வைத்திருந்த பெரியப்பாவுக்கு மட்டும் லைன்மேன் சொல்லி விவரம் தெரிந்திருந்தது. "கண்ணாடிக் கம்பிடா. அதுக்குள்ள வெளிச்சம் போகுமாம், வெளிச்சத்துல பேச்சு போகுமாம்" என்றார். பிற்பாடு சில வருஷம் என் சோறு அந்த வியாபாரத்திலிருந்துதான் வந்தது.

பூத்தில் இரண்டு கூண்டு. மஞ்சள் பலகை, சிவப்பு எண் ஓடும் மீட்டர், கறகறவென்று பில் அடிக்கும் சின்ன பிரிண்டர். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் பல தலைமுறையாக உண்டு. பின்னால் சவுதியும் குவைத்தும் சேர்ந்துகொண்டன. ஐஎஸ்டி பேச வருகிறவர்கள் பேச வேண்டியதை வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டு வருவார்கள். ஓரிரு நிமிடத்தில் ஒரு நாள் கூலி போய்விடும். ஊர் முறைக்கு எனக்கு அத்தையாக வேண்டிய ஒருவர், ரிசீவரைக் காதில் வைத்தபடி மீட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பார். மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான். "நல்லாருக்கியாப்பா, சாப்பிட்டியா, பணம் வந்துருச்சு, வச்சிடவா?" அவ்வளவுதான். வெளியே வந்து காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, மகனிடம் கேட்க விட்டுப்போனதையெல்லாம் பெரியப்பாவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பார். பெரியப்பாவும் அந்த மகன் இடத்தில் நின்று கேட்டுக்கொள்வார்.

அப்போது வெளிநாட்டுத் தொடர்பு முழுவதும் அரசுக் கம்பெனியான விஎஸ்என்எல் கையில் இருந்தது. 2002 ஏப்ரலில் அந்தத் தனி உரிமை முடிந்தது. அதே வருஷம் பார்தியும் சிங்டெல்லும் சேர்ந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடியில் போட்ட ஐ2ஐ கேபிள் வேலைக்கு வந்தது. சுமார் 3,200 கிலோமீட்டர் நீளம், 8 ஜோடி இழை, முழுக்க ஏற்றினால் நொடிக்கு 8.4 டெராபிட். அன்றைய இந்தியாவுக்கு அவ்வளவும் தேவையே இல்லை. ஆனாலும் 2004ல் அதே வழியில் டாடாவின் கேபிள் வந்தது. அதன் கொள்ளளவு 5.12 டெராபிட். அடுத்த வருஷம் சீ-மீ-வீ 4 என்ற கடலடிக் கேபிள் சென்னையில் கரையேறியது. ஐஎஸ்டி கட்டணம் படிப்படியாக இறங்கியது. அத்தை மீட்டரைப் பார்ப்பதை விட்டார். பெரியப்பாவின் கல்லாவும் இறங்கியது. இன்னும் சில வருஷத்தில் எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட, மஞ்சள் பலகையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ரீசார்ஜ் கடை போட்டார்.

ஒரு பண்டத்தின் பயன்பாடு பெருகப் பெருக அதை விற்றவர் வருமானம் குறைந்ததை நான் கிட்டத்தில் பார்த்தது அந்த பூத்தில்தான். உலகத்துப் பெரிய கம்பெனிகளுக்கும் அதுவே நடந்துகொண்டிருந்ததை அதற்கு முன்பே பெங்களூரில் பார்த்திருந்தேன்.

பாலிடெக்னிக் முடித்து நான் போய்ச் சேர்ந்தது ஒரு சிறிய தொழிற்சாலை. கப்ளர் செய்வோம். இரண்டு கண்ணாடி இழைகளை மேலுறை உரித்துத் துடைத்து, ஒன்றோடொன்று முறுக்கி, ஹைட்ரஜன் சுடரில் காட்டி, இரண்டு பக்கமும் மெதுவாக இழுக்க வேண்டும். உருகி ஒட்டும் இடத்தில் ஒரு இழையின் வெளிச்சம் அடுத்ததற்குக் கசியத் தொடங்கும். பவர் மீட்டரில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, சரிபாதி வந்ததும் சுடரை எடுத்துவிட வேண்டும். ஒரு கண் இமைப்பு தாமதித்தால் அந்தத் துண்டு குப்பைக்கு. இழையின் மொத்தக் கனம் 125 மைக்ரான்; வெளிச்சம் போகும் நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான். லேசர் சிப்பை இழையோடு சேர்க்கும் மேசையில் இருந்த பெண்கள் இதைவிடக் கடினமான வேலை செய்தார்கள். ஒரு மைக்ரானுக்கும் குறைவாக விலகினாலே வெளிச்சம் உள்ளே இறங்காது. மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நகர்த்தி, அளந்து, பசை வைத்து, அது காயும்போது இழுத்துக்கொள்கிறதா என்று மறுபடி அளப்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்கள் விரல் போல மெஷின் வேலை செய்து நான் அன்றைக்குப் பார்த்ததில்லை.

இந்தத் தொழிலின் லாபம் முழுக்க அந்த மேசையில்தான் முடிவாகிறது. நூறு துண்டு செய்தால் எத்தனை தேறும் என்பதுதான் கேள்வி. இண்டியம் பாஸ்பைடு வில்லையில் லேசர் வளர்க்கிற ஆலைக்கு ஆகும் செலவு, அதில் ஒரு சிப் தேறினாலும் தொண்ணூறு தேறினாலும் ஒன்றுதான். ஆலை ஓடிக்கொண்டே இருந்தால், தேறுவது கூடக்கூட ஒவ்வொரு துண்டின் அடக்கவிலையும் இறங்கும். ஆலை பாதி நாள் நின்றால் லாபம் எல்லாம் வாடகையிலும் வட்டியிலும் கரைந்துவிடும். ஆர்டர் கொஞ்சம் கூடினால் லாபம் துள்ளிக் குதிப்பதும், கொஞ்சம் குறைந்தால் நட்டத்தில் விழுவதும் இதனால்தான்.

இழை சும்மா கிடந்தால் அது வெறும் கண்ணாடி. சார்லஸ் காவ் 1966ல், கண்ணாடியைப் போதிய அளவு தூய்மைப்படுத்தினால் வெளிச்சம் கிலோமீட்டர் கணக்கில் போகும் என்று எழுதினார். 1970ல் கார்னிங் என்ற அமெரிக்கக் கண்ணாடிக் கம்பெனி ஆட்கள் அதைச் செய்து காட்டினார்கள். இன்றைய இழையில் 80 கிலோமீட்டர் போனாலும் நாற்பதில் ஒரு பங்கு வெளிச்சம் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தை மின்சாரமாக மாற்றாமல் வெளிச்சமாகவே பெருக்கும் எர்பியம் பெருக்கியை 1987ல் சவுத்தாம்ப்டனில் டேவிட் பெய்ன் குழு கொண்டுவந்தது. அதன் பிறகு ஒரே இழையில் ஒரு நிறத்துக்குப் பதில் எண்பது நிறம் அனுப்பலாம் என்றாயிற்று. எண்பது நிறத்துக்கு எண்பது லேசர், பிரிக்க வடிகட்டி, சேர்க்க மல்டிபிளெக்ஸர், வழி நெடுகப் பெருக்கி. பள்ளம் தோண்டுகிற செலவு ஒருமுறைதான். முனையில் வைக்கிற பாகங்களை மாற்றினால் அதே இழை பத்து மடங்கு சுமக்கும். அன்னவாசல் சாலையில் பாறை உடைத்து இறக்கிய இழை அதே இடத்தில் கிடக்க, இரு முனையிலும் பெட்டி மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கும். சந்தையும் பணமும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிற பாகங்களில்தான்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு தடிப் புத்தகம். ராஜீவ் ராமஸ்வாமியும் குமார் சிவராஜனும் எழுதி 1998ல் வந்த 'ஆப்டிகல் நெட்வொர்க்ஸ்'. இரண்டு பேரும் சென்னை ஐஐடியில் படித்தவர்கள். எங்கள் கம்பெனியில் இருந்த ஒரே பிரதி கைமாறிக் கைமாறிக் கிழிந்து போயிருந்தது. அவென்யூ ரோட்டில் எனக்கென்று ஒன்று வாங்கினேன். இலுப்பூரிலிருந்து வந்த ஒரு டிப்ளமாக்காரன் இரவில் அகராதியை வைத்துக்கொண்டு படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதியிருந்தார்கள். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

2000ஆம் வருஷம் ஆர்டர் தாங்க முடியவில்லை. மூன்று ஷிப்டு ஓட்டினோம். இணையப் போக்குவரத்து நூறு நாளைக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று அமெரிக்காவில் ஒரு பேச்சு. வேர்ல்டுகாம் என்ற தொலைத்தொடர்புக் கம்பெனி தரப்பிலிருந்து கிளம்பிய கணக்கு அது. அப்படியென்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு மடங்கு. ஆண்ட்ரூ ஓட்லிஸ்கோ என்ற கணித அறிஞர் உட்கார்ந்து அளந்து பார்த்து, வருஷத்துக்கு ஏறத்தாழ ஒருமுறைதான் இரட்டிக்கிறது என்று எழுதினார். அதுவே பெரிய வளர்ச்சி. ஆனால் பன்னிரண்டு மடங்குக்கு ஆலை கட்டியவனுக்கு இரண்டு மடங்கு வளர்ச்சி என்றால் திவால். அதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்தது. லேசருக்குத் தட்டுப்பாடு என்றதும் பெட்டி செய்கிறவர்கள் நூறு தேவைப்பட்டால் மூன்று கம்பெனியில் நூறு நூறாக ஆர்டர் போட்டார்கள். யார் முதலில் கொடுக்கிறார்களோ அவர்களிடம் வாங்கிக்கொண்டு மற்றதை ரத்து செய்துவிடலாம் என்ற எண்ணம். பாகம் செய்கிறவன் கண்ணுக்குத் தேவை முந்நூறாகத் தெரிந்தது. வெங்காயம் விலை ஏறிய மறு போகம் ஊரே வெங்காயம் போடுமே, அப்படி எல்லாரும் ஆலையைப் பெருக்கினார்கள்.

ஜேடிஎஸ் யூனிஃபேஸ் என்று ஒரு கம்பெனி. எங்கள் துறையில் அந்தப் பெயரை அவ்வளவு மரியாதையாகச் சொல்வோம். எஸ்டிஎல் என்ற லேசர் கம்பெனியைச் சுமார் 4,100 கோடி டாலருக்கு வாங்குவதாக 2000 ஜூலையில் அறிவித்தார்கள். பணமாகக் கொடுக்கவில்லை, எகிறிக் கிடந்த தன் பங்குகளைக் கொடுத்து வாங்கினார்கள். 2001 ஜூனில் முடிந்த நிதியாண்டில் அந்தக் கம்பெனி காட்டிய நட்டம் 5,600 கோடி டாலருக்கு மேல். அதில் பெரும்பகுதி, இப்படி வாங்கிய கம்பெனிகளின் மதிப்பைக் கணக்கிலிருந்து அழித்தது. கார்னிங்கின் பங்கு 2000 செப்டம்பரில் 110 டாலருக்கு மேல் இருந்தது. இரண்டு வருஷத்தில் ஏறத்தாழ ஒரு டாலருக்கு வந்தது. வேர்ல்டுகாம் 2002 ஜூலையில் திவால் மனு கொடுத்தது.

எங்கள் சிறிய தொழிற்சாலையில் அதன் அலை 2001 கோடையில் வந்தது. முதலில் இரவு ஷிப்டு நின்றது. பிறகு செய்து வைத்த பெட்டிகளை ஏற்ற லாரி வரவில்லை. லேசர் மேசைப் பிள்ளைகளை ஒரு திங்கட்கிழமை வரிசையாகக் கூப்பிட்டுக் கணக்கு முடித்தார்கள். என் முறை அடுத்த மாதம் வந்தது. ஒரு மைக்ரானைக் கையால் பிடிக்கிற அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பிறகு ஏற்றுமதித் துணிக் கம்பெனிக்கும் கடைக்கும் போனார்கள் என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை. நட்டத்தைப் பங்கு விலையில் அளந்து எழுதுகிறார்கள். இரண்டு மூன்று வருஷம் பழகி விரலில் ஏறிய கைப்பக்குவம் கலைந்து போன கணக்கை யாரும் எழுதவில்லை.

கண்ணாடியும் பாகங்களும் மட்டும் எங்கேயும் போகவில்லை. கடலடியில் அப்படியே கிடந்தன. டைக்கோ என்ற கம்பெனி உலகம் முழுக்க 60,000 கிலோமீட்டர் போட்டு வைத்திருந்தது. 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய அந்த வலையை 2004ல் விஎஸ்என்எல் 13 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. திவாலாகி எழுந்த ஃபிளாக் கேபிளை ரிலையன்ஸ் சுமார் 21 கோடி டாலருக்கு வாங்கியது. விஎஸ்என்எல் அதற்குள் டாடா கைக்கு வந்திருந்தது. பெங்களூரிலும் சென்னையிலும் ஐடி கம்பெனிகளும் கால் சென்டர்களும் பெருகியதற்கும், அத்தை மகனோடு ஆற அமரப் பேசியதற்கும் இந்த மலிவு ஒரு முக்கியமான காரணம். அந்த மலிவுக்கான பணத்தை நியூயார்க்கில் பங்கு வாங்கியவர்களும் மேசையை விட்டு எழுந்த பிள்ளைகளும் சேர்ந்து கொடுத்தார்கள் என்பதுதான் என் எண்ணம்.

அந்தத் தடிப் புத்தகம் ஞாபகத்துக்கு வரும்போதெல்லாம் தேஜஸ் நெட்வொர்க்ஸும் ஞாபகத்துக்கு வரும், காரணத்தோடுதான். அதை எழுதிய இருவரில் ஒருவரான குமார் சிவராஜன், சஞ்சய் நாயக், அர்னாப் ராய் மூவரும் 2000ல் பெங்களூரில் தொடங்கிய கம்பெனி. பின்னணியில் குருராஜ் தேஷ்பாண்டே இருந்தார். அவரும் சென்னை ஐஐடி, அமெரிக்காவில் சிகமோர் நெட்வொர்க்ஸ் தொடங்கியவர். ஆப்டிகல் துறை தலைகுப்புற விழுந்த அதே சமயத்தில் இந்தியாவில் ஆப்டிகல் பெட்டி வடிவமைக்கிறோம் என்று உட்கார்ந்தார்கள். தாக்குப்பிடித்தார்கள். 2017ல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். 2021ல் டாடா குழுமம் பெரும் பங்கை எடுக்க முன்வந்தது. அவர்களுடைய வரவு செலவைப் பார்த்தால் இந்தத் தொழிலின் நாடித்துடிப்பே தெரியும். 2023-24ல் வருவாய் ஏறத்தாழ 2,470 கோடி ரூபாய். 2024-25ல் 8,900 கோடியைத் தாண்டியது. பிஎஸ்என்எல் 4ஜிக்கான பெரிய ஆர்டர் அது, ஆப்டிகலை விட வயர்லெஸ் கருவியே அதில் அதிகம். அவ்வளவு விற்றும் நிகர லாபம் நூற்றுக்கு ஐந்து ரூபாய்தான். ஆர்டர் முடிந்ததும் அடுத்த காலாண்டிலேயே வருவாய் சுமார் 200 கோடிக்கு வந்து, கிட்டத்தட்ட அதே அளவு நட்டம். ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பி ஓடினால் இப்படித்தான் ஆகும். அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாங்குகிறவர்கள் நாலு பேர் என்கிற சந்தையில் திறமைக்கு மட்டும் விலை கிடைப்பதில்லை.

சென்னையில் இன்னொரு கதை உண்டு. கிண்டியில் 1960ல் தொடங்கிய இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ், தந்தி அடிக்கும் இயந்திரம் செய்த அரசு ஆலை. எங்கள் பாலிடெக்னிக்கில் அங்கே அப்ரெண்டிஸ் கிடைத்தால் கல்யாணத்துக்குப் பெண் கொடுப்பார்கள் என்று சொல்வோம். தந்தி போனது, ஆலை தள்ளாடியது. 2001ல் 74 சதவீதப் பங்கை 55 கோடி ரூபாய்க்கு எச்எஃப்சிஎல்லுக்கு அரசு விற்றது. எச்டிஎல் என்ற பெயரில் அது ஆப்டிகல் ஃபைபர் கேபிளுக்கு மாறிப் பிழைத்தது. கேபிளிலும் அதே ஏற்ற இறக்கம்தான். சீனாவில் ஆலைகள் பெருகி 2019 வாக்கில் இழை விலை ஏறத்தாழ பாதியானபோது உலகத்தில் இழை இழுத்த எல்லாரும் அடி வாங்கினார்கள். என்றாலும் ஒரு பழைய ஆலையைப் புதிய பண்டத்துக்கு மாற்றி ஓட வைத்ததை நான் பெரிய சாதனையாகவே பார்க்கிறேன்.

இலுப்பூரில் இப்போது அண்ணன் மகன்தான் கேபிள் டிவியும் நெட்டும் கொடுக்கிறான். பெரியப்பாவின் ரீசார்ஜ் கடை இருந்த கட்டடத்தில் வீடுகளுக்கு வெளிச்சம் அனுப்பும் அவனுடைய ஓஎல்டி பெட்டி இருக்கிறது. அங்கிருந்து ஒரு இழை கிளம்பி, ஸ்ப்ளிட்டரில் பிரிந்து பிரிந்து, ஈபி கம்பங்கள் வழியே வீடுகளுக்குப் போகிறது. அந்த ஸ்ப்ளிட்டர், நாங்கள் சுடரில் இழுத்த கப்ளரின் வம்சம்தான். இன்று சிலிக்கா தகட்டில் அச்சடித்து ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். அதன் விலையைக் கேட்டதும் நான் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அன்று ஒரு துண்டுக்கு நாங்கள் போட்ட உழைப்புக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லாத விலை.

"எனக்கும் அதே கதைதான் சித்தப்பா" என்றான். "கொரோனாவுக்கு முன்னாடி ஒரு வீட்டுக்கு எவ்வளவு டேட்டா ஓடுச்சு, இப்ப எவ்வளவு ஓடுது தெரியுமா? பசங்க ரீல்ஸ், டிவியில கிரிக்கெட்டு, எல்லாம் நெட்டுதான். வாடகை மட்டும் அதே நானூத்துச் சொச்சம். பெரிய கம்பெனிக்காரன் ஏர்ஃபைபர்னு வந்து நிக்கிறான். ஒரு ரூபா ஏத்த முடியல." மழைக்காலம் வந்தால் அணில் கடி, லாரி இழுத்த கட்டு, ரெட் லைட்டு எரியுது என்று இரவு பத்து மணிக்கு போன். ஸ்ப்ளைசிங் மெஷினைப் பைக்கில் வைத்துக்கொண்டு கிளம்புவான். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கான டான்ஃபிநெட் இழையும் பெரும்பாலும் கம்பங்களின் மேல்தான் போகிறது. பாறை உடைக்கும் பாடு இல்லை என்பதால் செலவு குறைவு. அறுந்தால் கட்டுகிற ஆள் வேண்டும். அவனைப் போன்றவர்கள்தான் அந்த ஆள். பிரதான வலையை விடக் கடைசி ஒரு கிலோமீட்டரைக் காப்பாற்றுவதுதான் கடினம், அதற்குத்தான் காசும் கம்மி.

2023லிருந்து காற்று மறுபடி மாறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டுகிற டேட்டா சென்டர்களில் ஆயிரக்கணக்கான சிப்புகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். செம்புக் கம்பியால் அந்த வேகத்தைச் சில மீட்டருக்கு மேல் கொண்டுபோக முடியாது. ஒவ்வொரு இணைப்பின் இரு முனையிலும் விரல் நீளத்துக்கு ஒரு ஆப்டிகல் மாட்யூல். 400 ஜிகாபிட், பிறகு 800, இப்போது 1.6 டெராபிட். ஐ2ஐயின் முழுக் கொள்ளளவையும் ஆறு மாட்யூல் தாண்டிவிடும். சூசோவின் இன்னோலைட், செங்டுவின் இயோப்டோலிங்க் என்ற சீனக் கம்பெனிகள் மளமளவென்று வளர்ந்தன. ஜேடிஎஸ் யூனிஃபேஸ் 2015ல் இரண்டாகப் பிரிந்ததில் ஒரு பாதியான லூமென்டம், 2023, 2024 இரண்டு நிதியாண்டும் நட்டத்தில் இருந்துவிட்டு, தன் லேசர் சிப் போதவில்லை என்று எல்லாரும் வரிசையில் நிற்கிற நிலைக்கு வந்திருக்கிறது.

எனக்குப் பழைய பயம் இருக்கிறது. இன்றும் வாங்குகிறவர்கள் கைவிரல் எண்ணிக்கைதான். மாட்யூலின் அளவும் சொருகும் முறையும் பொது ஒப்பந்தப்படி ஒன்றாகவே இருப்பதால், ஒருவன் விலையைக் குறைக்காவிட்டால் அடுத்தவனுடையதைச் சொருகிக்கொள்ளலாம். வருஷத்துக்கு வருஷம் விலை இறங்கியே ஆகும். வேகத்தை இரட்டித்துப் புதிய மாட்யூல் கொண்டுவருகிறவனுக்கு முதல் ஒன்றிரண்டு வருஷம் லாபம். பின்னால் வருகிறவனுக்கு ஓட்டம் மட்டும். என்விடியா 2025 மார்ச்சில், லேசர் தவிர்த்த ஆப்டிக்ஸைச் சுவிட்ச் சிப்பின் பக்கத்திலேயே பொருத்துகிற வழியை அறிவித்தது. அது பரவினால் சொருகும் மாட்யூல் செய்கிற பல பேருடைய பிழைப்பு மாறும். ஆனால் 2000க்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. அன்று போட்ட இழையில் பெரும்பகுதி வெளிச்சம் ஏறாமல் இருட்டில் கிடந்தது. இன்று வாங்குகிற மாட்யூல் அன்றே சொருகப்பட்டு வேலை செய்கிறது. வாங்குகிறவர்கள் கையில் சொந்த வருமானமும் இருக்கிறது. அதற்காக ஆர்டர் நிற்காது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

தாய்லாந்தில் ஃபேப்ரிநெட் என்று ஒரு கம்பெனி உண்டு. சொந்தமாக எதையும் வடிவமைப்பதில்லை. மற்றவர்களின் ஆப்டிகல் பாகங்களைச் செய்து கொடுக்கிறது. மொத்த லாபம் நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் அளவில்தான். ஆனால் 2025 நிதியாண்டில் விற்பனை 340 கோடி டாலர். இருபத்தைந்து வருஷமாக அந்த ஊரின் பெண்கள் விரலில் அந்தக் கைப்பக்குவம் கலையாமல் இருந்ததன் பலன் அது. பெங்களூரில் எங்களிடம் கலைந்ததும் அதுதான்.

2024 செப்டம்பரில் முதலமைச்சர் அமெரிக்கா போனபோது ஜேபில் கம்பெனி திருச்சியில் 2,000 கோடி ரூபாய் முதலீட்டில் எலக்ட்ரானிக்ஸ் ஆலை, 5,000 பேருக்கு வேலை என்று தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. செய்தியைப் படித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்டெல் நடத்திக்கொண்டிருந்த சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் மாட்யூல் தொழிலை 2023ல் எடுத்துக்கொண்டது இதே ஜேபில்தான். திருச்சியில் என்ன செய்வார்கள் என்பது வேறு. ஆப்டிகல் மாட்யூல் செய்யத் தெரிந்த ஒருவன் நம் பஸ் போகிற தூரத்துக்கு வருகிறான் என்பதே எனக்குப் பெரிய விஷயம். சென்னை ஐஐடியில் பிஜோய் கிருஷ்ண தாஸ் தலைமையில் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் மையம் நடக்கிறது. வடிவமைக்கிற தலை சென்னையில், கோக்கிற கை திருச்சியில் என்று இரண்டும் சேர்ந்தால் நன்றாயிருக்கும். சேர்ப்பதற்கு யாராவது பிடிவாதமாக உழைக்க வேண்டும்.

தங்கச்சி மகள் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா கடைசி வருஷம் படிக்கிறாள். "மாமா, இந்த லைன் நல்லா வளருதுங்கிறாங்க. திருச்சியில ஆள் எடுத்தா போகலாமா?" என்று கேட்டாள்.

"வளருது ஆத்தா. நான் போனப்பவும் வளர்ந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். இன்டர்வியூவில் அவர்கள் கேட்பார்கள், நீயும் மூன்று கேள்வி கேள் என்றேன். என்னை எந்த மேசையில் உட்கார வைப்பீர்கள், இழையைச் சேர்க்கிற மேசையிலா, பெட்டியை மூடி லேபிள் ஒட்டுகிற மேசையிலா? எனக்குப் பழக்கம் கொடுப்பது எத்தனை மாதம்? உங்கள் சரக்கை வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? நோட்டில் எழுதிக்கொண்டாள். கொஞ்சம் யோசித்து, கீழே அவளாகவே நாலாவது ஒன்று எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினாள்: ஆர்டர் நின்னா எங்களை என்ன செய்வீங்க?

அதை முதலில் கேள் என்றேன்.